கிரேட்டிங்கைத் துடைக்காதீர்கள்: டெல்டாக்காரர்களுக்கு ஒரு செய்முறை

ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் கருவி ஸ்பெக்ட்ரோமீட்டர். அதில் ஒளியைப் பிரிக்க வைக்கும் கோடு போட்ட சின்னத் தகடுதான் கிரேட்டிங். கல்லூரியில் இருக்கும் கிரேட்டிங்கில் வழக்கமாக அங்குலத்துக்கு 15,000 கோடு இருக்கும். அடுத்தடுத்த கோடுகளுக்கு நடுவே சுமார் 1.7 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி. அந்தக் கோடுகள் பெரும்பாலும் கண்ணாடியில் கிடையாது, மேலே ஒட்டிய பிசின் படலத்தில்தான். சிலவற்றில் காப்புக் கண்ணாடி போட்டிருக்கும். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால், இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

1. கேன்டீன் பஜ்ஜி எண்ணெயோடு வராமல் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். கீழே மடித்த துணியை விரித்துவிட்டு, இரண்டு விரலால் ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு பேச வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

2. தூசி தெரிந்தால் கேமரா கடையில் கிடைக்கும் ரப்பர் புளோயர் போதும். கோட்டுப் பக்கத்தைக் கீழே சாய்த்துப் பிடித்து, கொஞ்சம் தள்ளியிருந்து ஊதுங்கள். வாயால் ஊதக் கூடாது. பஞ்சு, லென்ஸ் பேப்பர், மூக்குக்கண்ணாடி துடைக்கிற வேட்டி நுனி எதுவும் வேண்டாம். அசிட்டோன் பிசினையே கெடுத்துவிடும்.

3. கைரேகை பட்டுவிட்டதா? அப்படியே விடுங்கள். மெர்குரி லேம்ப் போட்டு, 577, 579 நானோமீட்டர் மஞ்சள் கோடுகள் இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் கிரேட்டிங் நல்லாத்தான் இருக்கிறது. சின்னக் கீறல் சிதறொளியை, அதாவது வழிதவறிப் பரவும் ஒளியை, கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். துடைத்துக் கெடுத்ததைவிட அழுக்கு கிரேட்டிங் எவ்வளவோ மேல் என்பேன்.

4. நம்ம ஊரில் பெரிய எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மர அலமாரிக்குள் வைத்த லென்ஸிலேயே பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலம் கிரேட்டிங்கின் முகத்தில் படக் கூடாது. ஜெல்லின் நீல மணிகள் ஈரம் ஏறி ரோஸ் நிறமானால் லேப் ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். வீட்டு வாணலியில் வறுத்துவிடாதீர்கள்: நீலம் தருகிற கோபால்ட் குளோரைடு நஞ்சு. பூச்சிக்கென்று அந்துருண்டையும் போட வேண்டாம், அதன் ஆவி மேலே படியும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேறு. அலுமினியம் பூசிய கிரேட்டிங்குக்கு அது ஆகாது.

5. தை அறுவடையில் வைக்கோல் தூசி பறக்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு டப்பாவைத் திறங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்தால் டப்பா அறைச்சூட்டுக்கு வரும்வரை மூடியைத் தொடாதீர்கள். உடனே திறந்தால் படலத்தில் நீர் பூத்துவிடும்.