மதுரையிலிருந்து சிஸ்டம் அட்மின் வேலைக்கு: எதைப் பழகுவது, எதைக் கேட்டுக்கொள்வது

வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே அனுப்பும் சர்வர்களைக் கவனிக்கும் சிஸ்டம் அட்மின் வேலையில் நிறைய டிக்கெட் வேலைதான், அதாவது பதிவாகி வரும் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக முடிப்பது: பாஸ்வேர்ட் மாற்றுவது, பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போடுவது, அலாரம் வந்தால் மேல்நிலைக்கு அனுப்புவது. வடபழஞ்சி, இலந்தைக்குளம் எல்காட் (தமிழக அரசு நிறுவனம்) ஐ.டி. பூங்காக்களில் அப்படி ஓர் இடம் கிடைத்தால் சேருங்கள். ஆனால் அதிலேயே இரண்டு வருஷத்துக்கு மேல் தங்காதீர்கள். எழுதிவைத்த படிகளைப் பார்த்துச் செய்யும் வேலைதான் முதலில் ஸ்கிரிப்டின் கைக்குப் போகும்.

16 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் போதும். ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸில் 2 ஜிபி ராம் வீதம் மூன்று லினக்ஸ் மெஷின் ஏற்றி, வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும் 5 ஜிபி லாகை (பதிவு ஃபைல்) 'ஆர்எம்' (rm) கட்டளை கொடுத்து அழியுங்கள். ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் 'டியு' (du) குறைத்துக் காட்டும், டிஸ்கில் மொத்தம் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று சொல்லும் 'டிஎஃப்' (df) மட்டும் டிஸ்க் நிறைந்தே இருப்பதாகச் சொல்லும். புரோகிராம் அந்த ஃபைலை இன்னும் மூடவில்லை, அதனால் இடம் திரும்பவில்லை. எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும் 'எல்எஸ்ஓஎஃப்' (lsof) போட்டு அந்தப் புரோகிராமைப் பிடித்து ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். இந்தக் காரணத்தை நேர்காணலில் தெளிவாகச் சொல்வது சான்றிதழைவிடப் பேசும்.

அடுத்து பேஷ் (லினக்ஸில் ஸ்கிரிப்ட் எழுதும் மொழி), ஆன்சிபிள் (பல சர்வர்களை ஒரே நேரத்தில் அமைக்கும் கருவி), பிறகு ஏதாவது ஒரு கிளவுட் (இணையம் வழி வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்கள்) பழகுங்கள்.

ஷிஃப்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30, நவம்பரில் கடிகாரம் மாறியபின் இரவு 7.30. திருமங்கலம், மேலூர் பக்கம் வீடு என்றால், அதிகாலை 4 மணிக்கு வண்டி உண்டா என்பதை ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குங்கள்.