பாஞ்சாலிக்கு எத்தனை கெஜம் சேலை? முதல் முறையாக நாடக உடை அமைப்பவர்களுக்கு

நாடகக் குழுவில் புதிதாகச் சேர்பவரிடம் பெரும்பாலும் "டிரெஸ்ஸை நீ பாத்துக்கோ" என்று தள்ளிவிடுவார்கள். நடிப்பு, இசை, ஒளி எல்லாவற்றுக்கும் ஆள் போட்ட பிறகு மிஞ்சும் வேலை அது. நானும் அப்படித்தான் இதற்குள் வந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் அடுத்தவருக்காக இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக பாரதியின் 'பாஞ்சாலி சபத'த்தை எடுத்துக்கொள்வோம். சிறு குழுக்கள் அடிக்கடி மேடையேற்றும் கதைதான். இதில் உடை அலங்காரமாக நிற்பதில்லை, கதையே உடையின் மீதுதான் நடக்கிறது. ஐவரின் மேலாடை போகிறது, ஒருத்தியின் சேலையை இழுக்கிறார்கள், அவிழ்ந்த கூந்தல் சபதமாகிறது. இதைச் செய்து பழகினால் வேறு நாடகத்துக்குச் செய்வது சுலபம்.

படி 1: பிரதியைத் துணிக்காக ஒருமுறை படியுங்கள்

கதைக்காகப் படித்தது போதும். இப்போது பென்சிலோடு உட்கார்ந்து, உடை, நகை, முடி, செருப்பு, அழுக்கு, ரத்தம் என்று எது வந்தாலும் கோடு போடுங்கள். நேரடியாகச் சொல்லப்படாததையும் பிடிக்க வேண்டும்.

கர்ணன் பேசும் இடத்தைப் பாருங்கள். அடிமைகளுக்கு மார்பில் துணி போடும் வழக்கமில்லை, பாண்டவர் மார்புத் துணியைக் களை, இவள் சேலையையும் களை என்கிறான். ஏவலாள் நெருங்குவதற்கு முன்பே ஐவரும் தாமாகவே துணியைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். ஒரு துணி தரையில் விழுவதுதான் அரசர் அடிமையாகும் கணம். நீங்கள் வாங்கப்போகும் ஐந்து மேல்துண்டுகளுக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று இப்போது தெரியும்.

பாஞ்சாலியும் அப்படித்தான். அழைக்க வருபவனிடம், மாதவிலக்கில் ஓராடையோடு இருக்கிறேன், சபைக்கு வருவது முறையல்ல என்கிறாள். ஆக, சபைக்குள் அவள் பட்டும் நகையுமாக வர முடியாது. காலண்டர் படத்தைப் பார்த்து உடுத்தினால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 2: ஒரு கட்டம் போட்ட தாள்

இடப்பக்கம் பாத்திரங்கள், மேலே காட்சிகள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயம்: உள்ளே வரும்போது என்ன உடை, வெளியே போகும்போது என்ன உடை, அடுத்த நுழைவுக்கு எத்தனை வினாடி. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். வழியில் அர்ச்சுனனோடு மாலை வானத்தைப் பார்க்கும்போது பாஞ்சாலி பேரரசி. அடுத்து அந்தப்புரத்தில் ஓராடை. நடுவில் சூதாட்டம் முழுவதும் இருப்பதால் மாற்ற நேரம் கிடைக்கும். ஆனால் சேவகனாக வந்தவரே விகர்ணனாகவும் வருகிறார் என்றால் அந்தக் கட்டத்தைச் சிவப்பில் வட்டமிடுங்கள்.

படி 3: கடைசி வரிசையிலிருந்து நிறம்

மேடையில் ஒரே நேரத்தில் பதினைந்து பேர், பாதிப் பேருக்கு மீசை. கடைசி வரிசைக்காரருக்கு யார் எந்தப் பக்கம் என்று வசனம் வருவதற்கு முன்பே தெரிய வேண்டும். நான் எப்போதும் பக்கத்துக்கு ஒரு நிறக் குடும்பம் வைப்பேன்: கௌரவருக்கு அரக்கு, கருஞ்சிவப்பு, பாண்டவருக்கு நீலம், பச்சை. பாஞ்சாலிக்கு இரண்டிலும் சேராத ஒரு நிறம். உடைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறத்தில் வேறுபாடு இருக்கிறது, அடர்த்தியில் இல்லை. ஒரு பக்கத்தை வெளிறச் செய்யுங்கள்.

தெருக்கூத்துக்காரர்கள் இந்தச் சிக்கலை நமக்கு வெகுகாலம் முன்பே தீர்த்துவிட்டார்கள். அரசரும் வீரரும் போடும் கட்டை வேடத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் எடை குறைந்த மரத்தில் செய்தவை. மேலே கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும். விளக்கொளியில் அவை மின்னும், ஆளின் தோளும் தலையும் ஒரு மடங்கு பெரிதாகும். இருட்டில் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் துரியோதனன் வந்துவிட்டான் என்று தெரியும். அரங்க நாடகத்துக்கு அதை அப்படியே எடுக்கத் தேவையில்லை, தோளை அகலப்படுத்தும் யுக்தியை மட்டும் வீமனுக்கு எடுத்துக்கொள்ளலாம். மேல்துண்டுக்கு அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்தால் போதும்.

படி 4: துணியை வாங்கும் முன் விளக்கில் காட்டுங்கள்

சாட்டின் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். மேடை விளக்கு அதில் பட்டுத் திரும்பி நடிகரின் முகத்தைத் தின்றுவிடும். பருத்தி ஒளியை உள்வாங்கும், மடிப்பு அழகாக விழும். பச்சைத் துணி சிவப்பு விளக்கில் ஏறக்குறைய கறுப்பாகிவிடும், மஞ்சள் விளக்கில் மஞ்சள் துணி வெளிறும். அதனால் கால் மீட்டர் மாதிரி வெட்டி வாங்கி, ஒளி அமைப்பவரிடம் கெஞ்சியாவது ஒருமுறை மேடையில் காட்டிப் பாருங்கள். சென்னையில் கோடவுன் தெரு, மேற்கே ஈரோட்டு ஜவுளிச் சந்தை என்று மொத்தமாக வாங்க இடங்கள் இருக்கின்றன. ஆனால் முதலில் குழுவினர் வீட்டுப் பீரோக்களைத் திறக்கச் சொல்லுங்கள்.

புத்தம்புது வெள்ளை வேட்டி கூசும். தேயிலைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டு அலசினால் கண்ணுக்கு இதமான வெள்ளையாகும்.

படி 5: எப்படிக் கட்டுவது, எப்படிக் கழற்றுவது

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். ஐவரின் மேல்துண்டும் சட்டென்று கழல வேண்டுமே என்று தோளில் வெல்க்ரோ தைத்தேன். ஒத்திகையில் மத்தளச் சத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. அரங்கில் இயக்குநர் அந்த இடத்தில் முழு மௌனம் வைத்திருந்தார். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் இழுக்க, 'சர்ர்ர்' என்று ஐந்து முறை. சபை சிரித்துவிட்டது. தருமன் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மௌனமான இடத்தில் டிச் பட்டனோ, ஒரே இழுப்பில் அவிழும் நாடாவோ வையுங்கள். இன்னும் நல்லது, எதுவுமே வைக்காமல் வெறுமனே போர்த்தி, நழுவவிடப் பழக்குவது. துண்டுக்கு அடியில் வெற்று மார்பா, பனியனா என்பதை முதல் நாளே நடிகர்களிடம் பேசிவிடுங்கள். தோல் நிற பனியன் தூரத்திலிருந்தும் பனியனாகத்தான் தெரியும்.

படி 6: அந்தச் சேலை

புதியவர்கள் செய்யும் தவறு, ஐந்தாறு சேலையைச் சேர்த்துத் தைத்து முழுவதையும் பாஞ்சாலியின் உடம்பில் சுற்றுவது. அவர் துணிப்பொதிபோல் நடந்து வருவார். அப்புறம் முப்பது சுற்றுச் சுற்றித் தலை கிறுகிறுத்து வசனத்தை மறப்பார். இப்படிச் செய்து பாருங்கள்.

உடம்போடு ஒட்டியது: முழுக்கை ரவிக்கை, முழங்கால் வரை பேண்ட், அதன் மேல் மடிப்பு தைத்து ஊக்கும் குத்திய ஒரு வெளிர் நிறச் சேலை. இது எந்த நிலையிலும் கழலாது. நடிகை இதைப் போட்டுக்கொண்டு குதித்து, உட்கார்ந்து, யாரையாவது இழுக்கச் சொல்லிப் பார்த்து 'சரி' என்ற பிறகுதான் மற்றது. இந்தக் காட்சியில் நடிகைக்கு ஒரு துளி பயம் இருந்தாலும் உடை அமைப்பு தோற்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் மேல் முதல் சேலை, தனியாக, இரண்டே சுற்று. அடிச்சேலையின் நிறமே இருக்கட்டும். துச்சாதனன் இழுக்க அவர் இரண்டு முறை சுழல்வார், அது கழன்று போய்விடும்.

இடுப்பு பெல்ட்டின் பின்புறம் ஒரு மர வளையலைக் கெட்டியாகத் தைத்திருப்பீர்கள். பின்னால் கூத்தில் பிடிப்பதுபோல் இரண்டு பேர் ஒரு திரை பிடித்திருப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து வரும் மெல்லிய ஜார்ஜெட் துணி வளையலுக்குள் புகுந்து, பக்கவாட்டில் வந்து முந்தானைபோல் செருகியிருக்கும். துச்சாதனன் இப்போது பிடிப்பது அந்த நுனியை. துணி பாஞ்சாலியின் இடுப்பிலிருந்து ஊறி வருவதுபோல் வந்துகொண்டே இருக்கும். இந்தக் கட்டத்தில் பாஞ்சாலி சுழலக் கூடாது, சுழன்றால் சிக்கும். கவிதையிலும் அவள் இங்கே கண்ணனைக் கூவி, உலகத்தை மறந்து ஒருமைப்பட்டு நிற்கிறாள். நம் வசதிக்கும் அதுவேதான் வேண்டும்.

ஒரு சேலை ஐந்தரை மீட்டர். ஐந்து சேலை இருபத்தேழரை. வினாடிக்கு ஒரு மீட்டர் இழுத்தால் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும், பாட்டின் நீளத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்ண வண்ணச் சேலைகள் வளர்ந்தன என்று பாரதியே பாடுவதால் நிறத்துக்கு ஒரு துண்டாகச் சேர்க்கலாம். முடிச்சுப் போடாமல் தட்டையாகத் தையுங்கள். ஜரிகைக் கரை வேண்டாம், வளையலில் மாட்டும். திரைக்குப் பின்னால் துணியைச் சுருட்டி வைக்காமல் விசிறி மடிப்பாகக் கூடையில் வையுங்கள்.

படி 7: முழு உடையில் ஒத்திகை

குறைந்தது இரண்டு முறை. சேலைக் காட்சிக்கு மட்டும் முதல் வாரத்திலிருந்தே பழைய துணியில் பழக வேண்டும். துச்சாதனன் முடியைப் பிடித்து இழுத்து வருகிறான் அல்லவா, சவுரியை நம்பி உண்மையாக இழுத்துவிடாமல் பாருங்கள். பாஞ்சாலி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால் இழுப்பது அவர் கையில் இருக்கும்.

மேடைக்குப் பின்னால் உங்கள் டப்பாவில் ஊசி, உடை நிறங்களில் நூல் கோத்து வைத்த இன்னும் நான்கு ஊசி, இரண்டு அளவில் ஊக்கு, கத்தரி, கூடுதல் நாடா, டார்ச். ஆட்டம் முடிந்ததும் உடைகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் காயவிடுங்கள். மறுநாளும் ஆட்டம் இருந்தால் சேலையை மடித்துக் கூடையில் அடுக்க இரண்டு பேருக்கு இருபது நிமிடம் பிடிக்கும். அதை இரவே செய்துவிட்டுக் கிளம்புங்கள்.