பீ ஜீஸ்: உங்களுக்கான பத்துப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி

மூன்று சகோதரர்கள் சேர்ந்து பாடிய பீ ஜீஸ் இசைக்குழுவைக் கேட்கணும், எங்கே ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் பலரும் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படப் பாட்டுகளைத்தான் அனுப்பி வைப்பார்கள். அருமையான பாட்டுகள், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் படம் வந்தது 1977இல். அதற்குப் பத்து வருடம் முன்பே 'மாசசூசெட்ஸ்' பாட்டு இங்கிலாந்தில் முதலிடம் பிடித்துவிட்டது. கடைசி ஆல்பம் வந்தது 2001இல். இத்தனை வருடப் பாட்டுகளில் உங்களுக்கான பத்தை எடுக்க நான் சொல்லும் வழி இதுதான்: விற்பனைக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, குரலைப் பின்தொடருங்கள்.

நான் சர்ச் கொயரில், அதாவது பாடகர் குழுவில், டெனர் என்ற உயர்ந்த ஆண்குரல் பாடுகிறவன். பக்கத்தில் நிற்பவர் என்ன பாடுகிறார் என்று காதில் வாங்கிக்கொண்டே என் வரியை நழுவவிடாமல் பிடிப்பது எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கம்தான் இந்த மூன்று சகோதரர்களின் அருமையை எனக்குக் காட்டியது. மூத்தவர் பாரி, 1946இல் பிறந்தவர். ராபினும் மாரிஸும் 1949இல் பிறந்த இரட்டையர்கள். ஐல் ஆஃப் மேன் தீவில் பிறந்து, மான்செஸ்டரில் கொஞ்ச காலம் இருந்து, 1958இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குக் குடிபோன குடும்பம். சிறு வயதிலிருந்தே சேர்ந்து பாடியவர்கள் என்பதால் வார்த்தையை எங்கே முடிக்க வேண்டும், மூச்சை எங்கே எடுக்க வேண்டும் என்பது மூன்று பேருக்கும் ஒன்றாகவே அமைந்துவிட்டது.

முதலில் ராபின். 1968இல் வந்த 'ஐ ஸ்டார்ட்டட் எ ஜோக்' பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். நீட்டிப் பிடிக்கும் ஒவ்வொரு சுரத்தின் முடிவிலும் அந்தக் குரல் நடுங்கும். அழுகைக்கு ஒரு அடி முன்னால் நிற்கிற நடுக்கம் அது. அது உங்களைப் பிடித்துக்கொண்டால் பட்டியலில் பாதி ராபினுக்குத்தான் போகும். அடுத்து 'ஐ'வ் காட்டா கெட் எ மெசேஜ் டு யூ' கேளுங்கள். மரண தண்டனைக்குக் காத்திருக்கும் ஒருவன், மனைவியிடம் கடைசியாக ஒரு வார்த்தை சேர்த்துவிடச் சொல்லிக் கெஞ்சும் பாட்டு.

பிறகு பாரி. டிஸ்கோ நடன இசைக் காலத்து உச்சக் குரலை மறந்துவிட்டு 'டு லவ் சம்படி', 'வேர்ட்ஸ்' இரண்டையும் கேளுங்கள். காற்று கலந்த, கனிந்த குரல். 'டு லவ் சம்படி'யை அமெரிக்கப் பாடகி நினா சிமோனும் பாடியிருக்கிறார். அதையும் தேடிக் கேளுங்கள். மெட்டு எவ்வளவு உறுதியானது என்று அப்போது விளங்கும்.

இரண்டு குரலையும் அடையாளம் காணப் பழகியதும் 'ஹவ் கேன் யூ மெண்ட் எ ப்ரோக்கன் ஹார்ட்' பக்கம் வாருங்கள். 1969இல் ராபின் குழுவை விட்டுப் போனார், 1970இல் திரும்பி வந்தார். 1971இல் வந்த இந்தப் பாட்டுதான் அமெரிக்காவில் அவர்களுக்குக் கிடைத்த முதல் நம்பர் ஒன். ராபின் தொடங்கி வைக்க, பாரி வாங்கிக்கொள்கிறார். உடைந்த மனசை எப்படிச் சேர்ப்பது என்று கேட்கும் பாட்டை, பிரிந்து சேர்ந்த அண்ணனும் தம்பியும் பாடுகிறார்கள். இந்தப் பாட்டை என் பட்டியலிலிருந்து எடுக்க எனக்கு மனசே வந்ததில்லை.

மாரிஸுக்கு ஓர் இடம் கட்டாயம் ஒதுக்குங்கள். பேஸ் கிட்டார், பியானோ, நடுவில் வரும் இசைவுக் குரல் எல்லாம் பெரும்பாலும் அவர்தான். தனியாகப் பாடியது குறைவு. 1971இல் வந்த 'ட்ரஃபால்கர்' அவரே எழுதி அவரே பாடியது. கொயரில் நடுக்குரல் பாடுகிற யாருக்கும் மாரிஸின் அருமை தெரியும்.

இனி டிஸ்கோ. அது தொடங்கிய இடம் அமெரிக்காவின் மயாமி, வருடம் 1975, ஆல்பம் 'மெயின் கோர்ஸ்'. கடற்பாலத்தில் கார் போகும்போது சக்கரம் எழுப்பிய டக் டக் சத்தத்திலிருந்து பாரி பிடித்த தாளம்தான் 'ஜைவ் டாக்கின்'. 'நைட்ஸ் ஆன் பிராட்வே' பதிவின்போது, பின்னணியில் யாராவது சுருதியோடு கத்த முடியுமா என்று தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின் கேட்டார். பாரி முயன்று பார்த்தார், இயல்பான குரலுக்கு மேலே ஏறும் அந்தப் பொய்க்குரல் பிறந்தது. பாட்டின் கடைசிப் பகுதியில் அதைக் கேட்கலாம்.

'ஸ்டேயிங் அலைவ்' வேண்டாம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். ஒருமுறை டிரம்ஸை மட்டும் கேளுங்கள். பிரான்ஸில் ஒரு பழைய மாளிகை ஸ்டுடியோவில் பதிவு நடந்தபோது டிரம்மர் அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. 'நைட் ஃபீவர்' டேப்பிலிருந்து இரண்டு பார் (தாளச் சுற்று) டிரம்ஸை வெட்டி, முனையோடு முனை ஒட்டி, வளையமாகச் சுற்றவிட்டார்கள். கொஞ்சம்கூடப் பிசகாமல் அது நடக்கிறது. ஆல்பத்தில் டிரம்மர் என்று 'பெர்னார்ட் லூப்' (லூப் என்றால் வளையம்) என்ற கற்பனைப் பெயர் போட்டார்கள். நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் தட்டு என்பதால், நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முதலுதவிப் பயிற்சியில் இந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அதே காலத்தில் 'டூ மச் ஹெவன்' ஒன்றை மூன்று முறை கேளுங்கள்: ஒருமுறை உச்சக் குரலை மட்டும், ஒருமுறை அடிக்குரலை மட்டும், ஒருமுறை முழுசாக. குரல்மேல் குரலாக அடுக்கியிருப்பது அப்போதுதான் பிடிபடும். அதன் ராயல்டியை யூனிசெஃப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

1979இல் டிஸ்கோமீது வெறுப்பு கிளம்பியது. வானொலிகள் இவர்கள் பாட்டைத் தவிர்த்தன. அப்போது பிறருக்கு எழுதிக் கொடுத்தார்கள்: பார்பரா ஸ்ட்ரைசண்டின் 'உமன் இன் லவ்', டியோன் வார்விக்கின் 'ஹார்ட்பிரேக்கர்', கென்னி ரோஜர்ஸும் டாலி பார்ட்டனும் பாடிய 'ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம்'. இவற்றில் ஒன்றாவது பட்டியலில் இருக்கட்டும். 'ஹார்ட்பிரேக்கர்' கோரஸின் பின்னால் பாரி பாடுவது தெளிவாகவே கேட்கும். 1987இல் 'யூ வின் அகெய்ன்' மூலம் இங்கிலாந்தில் மறுபடி முதலிடம் வந்தார்கள்.

பத்தாவது இடத்துக்கு யாரும் அதிகம் பேசாத ஒரு பாட்டை நீங்களே தேடி எடுங்கள். என்னுடையது 'மெயின் கோர்ஸ்' ஆல்பத்தில் இருக்கும் 'ஃபேனி'. முடிவை நெருங்கும்போது சுருதி ஏறும். மேலே ஏறிய பிறகும் குரல்கள் ஒன்றையொன்று விடாமல் பிடித்தபடி நிற்கும். அந்த இடத்தைப் பாதியில் நிறுத்திவிடாமல் கடைசி வரை கேளுங்கள்.