நெல்ஸ்புரூட்டில் இருந்துகொண்டு தங்கம் அரிக்கப் பழகுவது

தென்காசியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் நகைப்பட்டறை. தரையைக் கூட்டிய தூசியை அவர் குப்பையில் கொட்ட விடமாட்டார். ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைப்பார். மாதக் கடைசியில் அரிப்புக்காரர் வந்து, டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்து விலை பேசி வாங்கிப்போவார். அரத்தில் உதிர்ந்த பொன்துகள் அந்தத் தூசியில் எங்கோ கிடக்கும். தண்ணீரும் ஒரு சட்டியும் மட்டும் வைத்து அவர் அதைப் பிரித்தெடுப்பதை ஒரே ஒருமுறை வாய்க்கால் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். மறக்கவே இல்லை.

இப்போது நான் தென்னாப்பிரிக்காவில், நெல்ஸ்புரூட்டில் கணக்கு வாத்தியார். புது வரைபடங்களில் ஊர்ப்பெயர் எம்பொம்பேலா. இங்கிருந்து பில்கிரிம்ஸ் ரெஸ்ட் என்ற பழைய தங்க ஊர் காரில் சுமார் ஒன்றரை மணி நேரம். 1873இல் அலெக் பேட்டர்சன் என்பவர் தன் சாமான்களைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்து, அங்கே ஓர் ஓடையில் தங்கம் கண்டார். சில மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டுவிட்டார்கள். தெற்கே இன்னும் பக்கத்தில் பார்பர்ட்டன், அங்கே 1884இல். ஜோகன்னஸ்பர்க் தங்கமெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான், 1886இல்.

சரி, உடனே மண்வெட்டியோடு ஆற்றுக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் சட்டம். இந்த நாட்டில் மண்ணுக்குள் இருக்கும் கனிமம் நிலத்துக்காரருக்குச் சொந்தமில்லை. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி அது மக்களின் சொத்து, அரசு அதன் காவலர். 2005இல் வந்த விலையுயர்ந்த உலோகச் சட்டப்படி, பண்படாத, அதாவது மண்ணிலிருந்து எடுத்தபடியே உள்ள தங்கத்தை அனுமதியில்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம், பொட்டளவு என்றாலும். ஆகவே வீட்டுக்குப் பின்னால் ஓடை ஓடுகிறது, யார் கேட்கப்போகிறார்கள் என்று இறங்காதீர்கள். பில்கிரிம்ஸ் ரெஸ்டில் கிராஸ்காப் போகும் சாலையோரம் பழைய தோண்டுகளத்தையே திறந்தவெளி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். தங்கம் அரிப்பதை அங்கே செய்து காட்டுவார்கள். அந்த மாதிரி இடத்துக்குப் போங்கள். போனதும் முதல் கேள்வி, கிடைப்பதை எடுத்துப்போகலாமா என்பதாக இருக்கட்டும். கூடாது என்றால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நான் இதுவரை ஒரு துகள்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. கை பழகியதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

அந்தப் பழக்கத்தை வீட்டு முற்றத்திலேயே வளர்த்துக்கொள்ளலாம். அம்மாவின் அரிக்கஞ்சட்டி ஞாபகம் இருக்கிறவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. உள்பக்கம் வரிவரியாக இருக்கும் மண்சட்டி அது. அரிசியைத் தண்ணீரோடு சுழற்றிச் சுழற்றி மேலே உள்ளதை அடுத்த பாத்திரத்தில் சாய்த்தால், கல் அடியில் வரிகளில் தங்கிவிடும். தங்கம் அரிக்கும் தட்டின் ஒரு பக்கத்திலும் அதே வரிகள்தான். அங்கே கல்லை ஒதுக்கி அரிசியை வைத்துக்கொண்டோம். இங்கே மேலே வருவதையெல்லாம் ஆற்றுக்கு விட்டுவிட்டு, அடியில் நிற்பதை வைத்துக்கொள்கிறோம். காரணம் எடைதான். மணலில் பெரும்பகுதியான குவார்ட்ஸ் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம். இரும்புச் சத்துள்ள கருமணல் 5 மடங்குக்குச் சற்று மேல். தங்கம் 19.3 மடங்கு. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், சரியாகக் குலுக்கினால் தங்கத்துக்குக் கீழே போவதைத் தவிர வேறு வழி கிடையாது.

தட்டு பிளாஸ்டிக்கில், கறுப்பு அல்லது கரும்பச்சை நிறத்தில், 14 அங்குலம் வாங்குங்கள். இரும்புத் தட்டு துருப்பிடிக்கும், கடைசியில் கருமணலைப் பிரிக்கக் காந்தமும் வைக்க முடியாது. பழகுவதற்குத் தங்கத்துக்குப் பதில் ஈயம் போதும். தூண்டில் கடையில் கிடைக்கும் குட்டி ஈயக்குண்டுகளைச் சுத்தியால் தட்டித் தகடாக்கி, கத்தரியால் கடுகளவுக்கு நறுக்கி, சரியாக 20 துண்டு எண்ணிக்கொள்ளுங்கள். ஈயம் 11.3 மடங்கு கனம்தான், தங்கத்தைவிட லேசு. அதனால் ஈயத்தைத் தப்பவிடாத கை தங்கத்தையும் தப்பவிடாது. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சின்னக் குழந்தைகளிடம் ஈயத்தைக் கொடுக்காதீர்கள். கட்டட மணலில் அந்த 20 துண்டையும் கலந்து, ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் வைத்து அரியுங்கள். 20 போட்டு 20 எடுக்கும்வரை ஆற்றுப்பக்கம் போக வேண்டாம். எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. ஒருநாள் 13தான் திரும்பி வந்தது, ஏனென்று புரியவில்லை. காலையில் தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்த கை என்று அப்புறம்தான் உறைத்தது. எண்ணெய் பட்ட மெல்லிய தகடு தண்ணீர் மேலேயே மிதந்து போய்விடும். அன்றிலிருந்து தட்டையும் கையையும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விடுகிறேன்.

இனி கைவேலை. தட்டில் முக்கால் பாகத்துக்கும் குறைவாக மண் போடுங்கள். தண்ணீருக்குள் அமிழ்த்தி, களிமண் கட்டிகளை விரலால் பிசைந்து கரைத்துவிடுங்கள். இதை அவசரமாகச் செய்யவே கூடாது. கரையாத களிமண் உருண்டை தங்கத்தைத் தன்னோடு ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும். பெரிய கற்களைக் கழுவி எறியுங்கள். பிறகு தட்டைத் தண்ணீருக்குள்ளேயே மட்டமாகப் பிடித்து, இடமும் வலமுமாகப் படபடவென்று குலுக்குங்கள். சாய்க்கக் கூடாது, சும்மா குலுக்கல். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் சோம்பல் படுவார்கள், அழகாகச் சுழற்றத்தான் ஆசை. ஆனால் தங்கத்தை அடிக்கு இறக்குவது குலுக்கல். சுழற்சி மேல்மணலை ஓட்டுவதற்கு மட்டும். நன்றாகக் குலுக்கியபின் வரிகள் எதிர்ப்பக்கம் இருக்கும்படி தட்டை முன்னே சாய்த்து, தண்ணீரில் முக்கி முக்கி எடுங்கள். மேல்மணல் தானாக வழிந்து போகும். நான்கைந்து முறை முக்கியதும் மறுபடி மட்டமாக்கிக் குலுக்கல். திரும்ப முக்கல். இப்படியே போகட்டும்.

வெளிர்மணல் போய்க் கருமணல் தெரிந்தால் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். கடைசியில் ஒரு கரண்டி கருமணல் மிச்சம் இருக்கும்போது, கொஞ்சம் சுத்தமான தண்ணீர் விட்டு, தட்டை லேசாகச் சாய்த்து, அடி விளிம்பைச் சுற்றித் தண்ணீரை மெதுவாக ஓடவிடுங்கள். கருமணல் முந்திக்கொண்டு விசிறிபோல விரிந்து நகரும். தங்கம் நகராது. மணல் நகர்ந்துபோன பின்னால், வரிசையின் வாலில் மஞ்சளாக நிற்கும்.

பக்கத்து வீட்டு அக்கா டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்த குடும்பம். போன ஜூலையில் அவரையும் மகனையும் பில்கிரிம்ஸ் ரெஸ்டுக்குக் கூட்டிப்போனேன். பையன் வாலில் நின்ற பொட்டைக் காட்டி, "மாமா, இது நெசமாவே தங்கமா?" என்றான். தட்டை வெயிலிலிருந்து திருப்பி, என் உடம்பு நிழலில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நிழலிலும் அதே மஞ்சள். காக்காய்ப்பொன் என்றால் நிழலில் மங்கிவிடும், சுழற்றும்போது இலைபோல மிதந்து ஓடும். தங்கம் போலவே மின்னி ஏமாற்றும் பைரைட் என்ற கனிமம் என்றால் கோணம்கோணமாக உடைந்திருக்கும். ஊசி நுனியால் அழுத்தினால் அது நொறுங்கும், தங்கம் பள்ளம் வாங்கிக்கொள்ளும். பட்டறையில் அப்பா சுத்தியால் தட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். அக்கா தட்டைக் கையில் வாங்கி இரண்டு சுற்று சுற்றிவிட்டு, "எங்க ஆயா இப்படித்தான் பருப்பு கழுவுவாங்க" என்றார். முதல் தட்டிலேயே அவர் கை என்னுடையதைவிடச் சீராக இருந்தது.

மண் எங்கே எடுப்பது என்று களத்துக்காரர் காட்டுவார். தேர்ந்தெடுக்க விட்டால் இதைப் பாருங்கள். தண்ணீர் வேகம் குறையும் இடத்தில்தான் தங்கம் விழும். வளைவின் உள்பக்க மணல்திட்டு, பெரிய பாறையின் கீழ்நீர்ப்பக்கம், ஓடைக்குக் குறுக்கே ஓடும் பாறை வெடிப்பு, கரையோரப் புல்வேர், பாசி. மேல்மணலை விட்டுவிட்டு, பாறைத்தளத்தை ஒட்டிய கடைசி ஒரு விரற்கடை மண்ணைச் சுரண்டுங்கள். கருமணலும் கனமான சிறு கற்களும் சேர்ந்து கிடந்தால் நல்ல அறிகுறி.

மே முதல் ஆகஸ்ட் வரை போங்கள். கோடை மழையில் ஓடை கலங்கிப் பெருகும். குளிர்காலத்தில் தண்ணீர் தெளிவு, ஆனால் விரல் மரத்துப்போகும், ரப்பர் கையுறை வேண்டும். மலையடிவாரத்தில் வெயில் சூடேறித் தேங்கும் தண்ணீரில் பில்ஹார்சியா புழு இருக்கும், தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். கம்பூட் என்கிற உயரமான ரப்பர் பூட்ஸ் இல்லாமல் கால் வைக்காதீர்கள். எங்கள் ஊர் முதலை ஆற்றுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை, அதன் கரைப்பக்கம் தட்டை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். துகளைச் சேர்க்கப் பாதரசம் வை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதன் ஆவி மூளையையும் நரம்பையும் கெடுக்கும், ஆற்றில் கலந்தால் மீன் வழியாகத் திரும்ப நம் சாப்பாட்டுத் தட்டுக்கே வரும்.

கருமணலைப் பிரிக்கக் காந்தம் போதும். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் காந்தத்தைப் போட்டு மணல்மேல் நகர்த்துங்கள். ஒட்டியதை வேறு பாத்திரத்தில் உதறி, இன்னொருமுறை அரித்துப் பாருங்கள், ஒரு பொட்டு அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். கிளம்பும் முன் தோண்டிய குழியை மூடி, கற்களை இருந்த இடத்தில் வையுங்கள். தட்டை நல்ல தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது.