பழைய கைக்கோடரி, கத்தியைச் சீர்செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருப்பிடித்த பழைய கைக்கோடரியோ கத்தியோ கைக்கு வந்ததும் பலர் நேராகச் சாணை மெஷினிடம் போய்விடுகிறார்கள். நல்ல கருவிகள் பெரும்பாலும் அங்கேதான் பாழாகின்றன.

கூர் நிற்பதும் நிற்காததும் இரும்பின் பதத்தைப் பொறுத்தது. சிவக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடுகாட்டிக் கொல்லர் கொண்டுவந்த பதம் அது. வேகமாகச் சுற்றும் கல்லில் இரண்டு விநாடி கூடுதலாக அழுத்தினாலே மெல்லிய விளிம்பு நீலம் பாய்ந்துவிடும். சூடு கிட்டத்தட்ட 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது, அந்த இடம் இளகிவிட்டது என்று அர்த்தம். நீலத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம், போன பதம் வராது. என் முதல் கோடரியை நான் இப்படித்தான் கெடுத்தேன், இன்றும் வருத்தம்தான். இப்போது அரமும் தண்ணீர் தொட்ட சாணைக்கல்லும் மட்டுமே. உடைந்த காம்பை எடுக்கக் கோடரித் தலையை நெருப்பில் போடுவதும் இதே தவறு. உள்ளே சிக்கிய மரத்தில் துளையிட்டுத் தட்டி எடுங்கள்.

துருவை எடுப்பதற்கு முன், செய்தவர் இரும்பில் பதித்த முத்திரையைத் தேடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் மங்கிய எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். கம்பி பிரஷை மெஷினில் மாட்டித் தேய்த்தால் அதுவும் போய்விடும். முத்திரையில் உள்ள எண்ணை ஆண்டு என்று எண்ணிவிடாதீர்கள். கோடரியில் அது பெரும்பாலும் தலையின் எடை: ஸ்வீடன் கோடரிகளில் கிலோவில், அமெரிக்கக் கோடரிகளில் பவுண்டில் இருக்கும். நிறுவனம் தொடங்கிய ஆண்டும் கருவியின் வயதைச் சொல்லாது. ஸ்வீடனின் ஹுல்ட்ஸ் ப்ரூக் தொடங்கியது 1697இல், கோடரிகளை இன்றும் செய்கிறார்கள்.

துருவுக்கு வினிகர் நல்லது, ஆனால் நாள்கணக்கில் ஊறவிடக் கூடாது, இரும்பையே தின்றுவிடும். ஒரு இரவு போதும், நடுவில் எடுத்துப் பாருங்கள். அப்புறம் சோடா உப்புக் கரைத்த நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். வினிகரில் இன்னொரு பயன் உண்டு. பதமேறிய பகுதி பல கோடரிகளில் கருமையாகத் தனித்துத் தெரியும். அந்தப் பட்டை விளிம்பில் கொஞ்சம்தான் மிச்சம் என்றால் கோடரி தேய்ந்து முடிந்துவிட்டது. கத்தியானால் மரப்பிடியை வினிகரில் நனைக்காதீர்கள்.

சிவப்புத் துருவைத்தான் எடுக்க வேண்டும். கருஞ்சாம்பல் படலம் இருக்கட்டும். அது இரும்பைக் கொஞ்சம் காக்கும், கருவியின் வயதையும் காட்டும். பளபளக்க வைக்கும் ஆசையில் அதை உரித்துவிடுவது எனக்குப் பிடிக்காது.

காம்பு நுழையும் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தியலால் அடிவாங்கிப் பின்பக்கம் பிதுங்கிய தலைகளில் அவசியம் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் அதைக் கொண்டு வெட்டவே கூடாது.

ஆடும் தலையை இறுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டால் அன்றைக்குச் சரியாக இருக்கும். உப்பிய மரம் துளைக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். காம்பை இறுக்க அதன் நுனியில் அடித்திருக்கும் ஆப்பை மாற்றுவதே சரி. பிறகு காம்புக்கு ஆளி விதை எண்ணெய் தடவலாம். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.