லயத்துக் காம்பராவில் ஓர் எதிர்காலப் படம்

கறுப்பின மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே கற்பனை செய்யும் கலைக்கு ஆஃப்ரோஃப்யூச்சரிசம் என்ற பெயரை 1993இல் வைத்தவர் அமெரிக்க விமர்சகர் மார்க் டெரி. பெயருக்கு வெகுகாலம் முன்பே அந்தக் கற்பனை இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் ஏற்றும்போதே ஊரும் பெயரும் பறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், வரப்போகும் காலத்தைத் தங்கள் கையால் எழுதிக்கொண்டார்கள். இலங்கையின் தேயிலை மலையகத்தில் குயர் (பால், பாலின வழக்கங்களுக்குள் அடங்காதவர்களைப் பற்றிய) குறும்படம் எடுக்க நினைப்பவர்கள் இந்த முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்க மணிமாலையையும் முகமூடியையும் கடன் வாங்க வேண்டாம், அவை அவர்களுடையவை.

எழுத உட்காருமுன் இரண்டு படங்களைப் பாருங்கள். கென்யாவின் வனுரி கஹியு எடுத்த 'பும்ஸி' (2009) 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். தண்ணீரில்லாத உலகத்தை ஒரு பெண்ணையும் ஒரு விதையையும் வைத்தே சொல்லிவிடுகிறது. சால் வில்லியம்ஸும் அனிசியா உஸேமானும் ருவாண்டாவில் எடுத்த 'நெப்டியூன் ஃப்ரோஸ்ட்' (2021) கோல்டான் என்ற கனிமத்தைத் தோண்டும் ஒரு சுரங்கத் தொழிலாளியையும், நெப்டியூன் என்ற இடைப்பாலினத்தவரான ஒரு ஹேக்கரையும் சேர்த்து வைக்கிறது. கோல்டான் கைபேசிக்குள் போகிறது, தோண்டியவர் ஏழையாகவே இருக்கிறார். கொழுந்து எடுக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உடைகளையும் கவனியுங்கள்: பழைய கணினி உதிரிகள், வயர்கள். முக்கியமாக, நெப்டியூனின் உடல் அங்கே தீர்க்க வேண்டிய பிரச்சினையாக இல்லை. கிளர்ச்சிக்குச் சக்தியே அவரிடமிருந்துதான் வருகிறது.

கதையில் பலரும் சறுக்குவது இங்கேதான். வீட்டுக்குத் தெரிந்துவிட்டது, அம்மா அழுகிறார் என்று தொடங்கினால் உங்கள் ஆறு நிமிடப் படம் முழுவதும் அதிலேயே போய்விடும். 2123இல் தொடங்குங்கள், நம் முன்னோர் தோட்டத்துக்கு வரத் தொடங்கிய 1823இலிருந்து எண்ணினால் மலையகத்துக்கு 300 ஆண்டு. நம்மிடமே சரக்கு இருக்கிறது. காமன் கூத்தில் ஆண் ரதி வேடம் கட்டி ஆடுவது பழைய வழக்கம். எரிந்த காமன் மீண்டு வருவதும் அதே கதை. 2123இல் அந்த ரதி வேடத்தைக் கலைக்காமல் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு வந்தால் என்ன ஆகும்? ஆறு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். ஐந்து பேர், இரண்டு நாள், 40 ஷாட் போதும்.

உடைக்கு உரச் சாக்கும் படங்கும் பழுதான ரேடியோவும் எடுங்கள். சாக்கை இரண்டு தரம் அலசிக் காயவைக்காவிட்டால் உரத்தூள் கழுத்தில் அரிக்கும்.

கேமராவுக்குக் கைபேசி போதும். வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வினாடி என்று வையுங்கள். இலங்கை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பொருந்தாத அளவில் டியூப் லைட்டோ எல்ஈடி பல்போ துடிப்பது படத்தில் தெரியலாம். மலையகத்தில் பெரிய சிக்கல் மூடுபனி. வெள்ளையைக் கண்டதும் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும். கறுத்த முகம் கரிக்கோடாகிவிடும். முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள், பிறகு கொஞ்சம் ஏற்றுங்கள். பின்னால் பனிக்குப் பதில் தேயிலைச் செடியோ ஈரமான கல் சுவரோ இருக்கட்டும். மூன்றடி தள்ளி, பக்கவாட்டில் ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகையைப் பிடியுங்கள். பவுடர் வேண்டவே வேண்டாம், தோலைச் சாம்பலாக்கும். கன்ன எலும்பில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் வெளிச்சம் அங்கே நிற்கும். கறுப்பை வெளுக்காமல் மின்னவைப்பது இந்த வகைப் படத்தின் உயிர்.

வெளிக்குளிரிலிருந்து கைபேசியை நேரே அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் வியர்க்கும். அங்கே எடுப்பதானால் 20 நிமிடம் முன்பே உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

தகரக் கூரையில் மழை விழும்போது வசனம் பதியாதீர்கள். அந்த இரைச்சல் எல்லாச் சுருதியிலும் பரவியிருப்பதால் எந்த மென்பொருளாலும் சுத்தமாகப் பிரிக்க முடியாது. மழையை மட்டும் ஒரு நிமிடம் தனியே பதியுங்கள். வசனத்தை ராத்திரி கம்பளிக்குள், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பதிந்து, அந்த மழையை அடியில் ஓடவிடுங்கள். விண்கலத்துக்கு இதைவிட நல்ல சத்தம் கிடைக்காது.

பாதுகாப்பில் அவசரம் கூடாது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒருபாலுறவுச் செயலைப் பற்றியவை, கதை சொல்வதைப் பற்றியவை அல்ல. ஆனால் திரையில் முகம் தெரிந்தவருக்கு வீட்டிலும் தோட்டத்திலும் வரக்கூடிய தொல்லை வேறு. கைபேசியில் இருப்பிடப் பதிவை அணையுங்கள். லயத்து (தோட்ட வரிசை வீட்டு) எண்ணும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஃபிரேமுக்குள் வரக் கூடாது. நடிப்பவரிடம் இரண்டு தரம் சம்மதம் கேளுங்கள்: படமெடுக்குமுன் ஒரு தரம், வெட்டி முடித்த படத்தைக் காட்டிய பிறகு ஒரு தரம். வேண்டாம் என்றால் அந்த ஷாட் போகட்டும். முகத்தைத் தகரத்தாலோ சாக்காலோ மூடும் உடையை முதலிலேயே தைத்து வைத்திருந்தால் அதே காட்சியை அவரில்லாமல் திரும்ப எடுக்கலாம்.

பொதுக் காட்சிக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவை. முதல் காட்சியை நம்பிக்கையான பத்துப் பேருக்கு மட்டும், ஒரு வீட்டுக்குள், வெள்ளைப் படுக்கை விரிப்பில் போடுங்கள். விரிப்பை நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டுங்கள். காற்றில் அசைந்தால் சப்டைட்டில் வாசிக்க முடியாது.