குற்ற விகிதமும் நம்பிக்கை இடைவெளியும்: சிகாகோ டேட்டாவில் ஒரு பயிற்சி

சிகாகோ நகரம் 77 சமூகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஆஸ்டினில் ஏறத்தாழ 96,000 பேர். ஃபுல்லர் பார்க்கில் 2,600 பேர்தான். இரண்டையும் ஒரே தரவரிசையில் போட்டால், சின்னப் பகுதி ஒரு வருடம் உச்சிக்குப் போகும், மறு வருடம் அடிக்கு வரும். பெரும்பாலும் அது தற்செயல் ஆட்டம்.

படி 1: நகரத்தின் திறந்த டேட்டா தளத்தில் 2001 முதலான குற்றப் பதிவுகள் கிடைக்கும். ஒரே குற்ற வகையை, ஒரு முழு வருடத்துக்கு எடுங்கள். வழிப்பறியையும் கடைத் திருட்டையும் கூட்டிப் போட்டால் எண்ணுக்குப் பொருளே இருக்காது. கடைசி ஏழு நாள் பதிவுகள் தளத்தில் இருக்காது என்பதையும் கவனியுங்கள்.

படி 2: விகிதம். கணக்குக்காக, ஃபுல்லர் பார்க்கில் 8 வழிப்பறி, ஆஸ்டினில் 300 என்று வைத்துக்கொள்வோம். மக்கள்தொகையால் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் இரண்டுக்கும் ஆயிரம் பேருக்கு 3.1.

படி 3: 95% நம்பிக்கை இடைவெளி. தற்செயல் ஏற்ற இறக்கத்துக்கு இடம் விட்டு, உண்மை அளவு இருக்கக்கூடிய வீச்சு இது; இப்படிப் போடும் இடைவெளிகளில் நூற்றுக்குச் சுமார் 95 உண்மை அளவை உள்ளடக்கும். விகிதத்தை விடுங்கள், சம்பவ எண்ணிக்கையை எடுங்கள்.

கீழ் எல்லை: எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் 0.98 கழித்து, வர்க்கப்படுத்துங்கள்.
மேல் எல்லை: எண்ணிக்கையோடு 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 0.98 சேர்த்து, வர்க்கப்படுத்துங்கள்.

8-க்கு 3.4 முதல் 15.8 வரை, 300-க்கு 267 முதல் 336 வரை. இவற்றை விகிதமாக மாற்றினால் ஃபுல்லர் பார்க் 1.3–6.1, ஆஸ்டின் 2.8–3.5. சம்பவமே இல்லாவிட்டால் கீழ் எல்லை 0 என்றே எழுதுங்கள். மேல் எல்லை அப்போதும் பூஜ்யமாகாது.

படி 4: வருட ஒப்பீடு. 8 மறு வருடம் 14 ஆனால் ‘75% உயர்வு’ என்று தலைப்புச் செய்தி வரும். வித்தியாசத்தை (6) கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் (22-க்கு 4.69) வகுங்கள்: 1.28. இது 95% அளவுக்கான எல்லையான 1.96-ஐத் தாண்டவில்லை, உயர்வு என்று சொல்ல இந்த டேட்டா போதாது. உயரவில்லை என்பதற்கும் இது சான்றல்ல. இரண்டு பகுதிகளின் இடைவெளிகள் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும், அதை வைத்து ‘வித்தியாசமில்லை’ என்று முடிவுகட்டாதீர்கள்.

இடைவெளி எல்லாப் பிழையையும் பிடிக்காது. போலீசுக்குப் போகாத புகார்கள் அதில் இல்லை. பழிக்குப் பழியாகத் தொடரும் துப்பாக்கிச்சூடுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. அங்கே உண்மையான இடைவெளி இன்னும் அகலம். நகர மையத்து வணிகப் பகுதியான லூப்பில் பகலில் வேலைக்கு வரும் கூட்டம் குடியிருப்போர் கணக்கில் வராததால் விகிதமே ஊதிப்போகும்.

சின்னப் பகுதிக்கு மூன்று வருடச் சம்பவங்களைக் கூட்டி, மக்கள்தொகையையும் மூன்றால் பெருக்கி வகுத்தால் இடைவெளி கணிசமாகச் சுருங்கும்.